கன்சாஸ் சிற்றூர் வார இதழில் இரங்கல் குறிப்பு: எப்போது, யார் மூலம், எப்படி?

இளவேனில் கேட்டது:

வணக்கம். அமெரிக்காவின் மேற்குக் கன்சாஸில் மூவாயிரம் பேர்கூட இல்லாத ஒரு கவுண்டித் (நம் மாவட்டம் மாதிரி) தலைநகர். அங்கே முப்பது வருடம் டாக்டராக இருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் நேற்று, புதன்கிழமை இரவு, காலமானார். நினைவுக்கூட்டம் வரும் சனிக்கிழமை. இரங்கல் குறிப்பை எழுதி அந்த ஊர் வார இதழில் வரச்செய்யும் பொறுப்பை வீட்டார் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இதழ் வியாழக்கிழமைதோறும் வருகிறது.

குறிப்பை நாமே நேரடியாக இதழுக்கு அனுப்பலாமா, இறுதிச்சடங்கை ஏற்பாடு செய்யும் நிறுவனமான ஃபியூனரல் ஹோம் வழியாகத்தான் போகவேண்டுமா? செலவு எப்படிக் கணக்கிடுவார்கள்? அப்பா பெயரை இனிஷியலாக வைக்கும் நம் பெயர் முறையை அங்கே எப்படி எழுதுவது? ஃபியூனரல் ஹோம் இணையதளத்திலேயே போட்டுவிடுவார்களே, அச்சில் வரவேண்டுமா என்று மகன் கேட்கிறார். அதற்கும் பதில் சொல்லவேண்டும்.

இன்னொன்று. அந்த ஊர் நூலகத்தில், ஊரில் பணியாற்றிய டாக்டர்கள் எல்லோரையும் பற்றி ஒரு சிறு காட்சி வைக்கப்போகிறார்கள். 1890களில் அங்கே இருந்த முதல் டாக்டரின் இரங்கல் குறிப்பு கிடைக்கவில்லையாம். அதை எங்கே தேடுவது?

அச்சுக்கோவை:

ஆழ்ந்த இரங்கல். முதலில் நாள் கணக்கைப் பாருங்கள், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

வியாழன் தேதியிட்ட இதழை செவ்வாய்க்கிழமையே பக்கம் கட்டி முடித்துவிடுவார்கள். இந்த அளவு இதழ்களில் பலவற்றுக்குச் சொந்த அச்சு இயந்திரம் கிடையாது. பக்கங்களை பி.டி.எஃப். ஆக்கி, வேறு ஊரில் பல இதழ்களுக்குச் சேர்த்து அச்சடிக்கும் ஆலைக்கு அனுப்புவார்கள். அங்கே ஒவ்வோர் இதழுக்கும் இத்தனை மணி என்று முறை உண்டு. முறை தவறினால் அடுத்து நிற்கும் இதழும் தாமதப்படும். அச்சானதும் கட்டுக் கட்டாகத் தபால் நிலையம் போகும். அதனால் ‘செவ்வாய் மாலை கொடுத்தாலும் நுழைத்துவிடுவார்கள்’ என்று நம்பாதீர்கள். திங்கள் நண்பகலோ மாலையோதான் வழக்கமான கடைசி நேரம். மெமோரியல் டே, லேபர் டே மாதிரி திங்கள் விடுமுறை குறுக்கிட்டால் அது முந்தைய வெள்ளிக்கு நகர்ந்துவிடும். நாளை காலையே அலுவலகத்துக்குப் போன் போட்டு நாளையும் மணியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்றைய இதழ் போய்விட்டது. உங்கள் குறிப்பு அடுத்த வியாழன் வரும். அப்போது கூட்டம் முடிந்து ஐந்து நாள் ஆகியிருக்கும். அடிக்கடி நடக்கும் தவறு இங்கேதான். இணையத்துக்கு எழுதிய ‘சனிக்கிழமை கூட்டம் நடைபெறும்’ என்ற வரி அப்படியே அச்சிலும் வந்துவிடும். ஆகவே இரண்டு பிரதி தயாரியுங்கள். ஒன்று இன்றே ஃபியூனரல் ஹோம் தளத்துக்கும் உள்ளூர் வானொலிக்கும். நடுமேற்குச் சிற்றூர் வானொலிகளில் இறுதிச்சடங்கு அறிவிப்பு வாசிக்கும் நேரம் இன்னமும் உண்டு, வயதானவர்களுக்கு அதன் மூலம்தான் செய்தி போகும். இன்னொன்று அச்சுக்கு, கூட்டம் ‘நடைபெற்றது’ என்று. இரண்டிலும் ‘நாளை’, ‘இந்த வாரம்’ என்ற சொற்களே வேண்டாம். கிழமை, மாதம், தேதி, வருடம்.

யார் அனுப்புவது? நீங்களே எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் ஃபியூனரல் ஹோம் மூலமாகவே அனுப்புங்கள். உயிரோடிருப்பவரை இறந்ததாக யாராவது விஷமமாக அனுப்பிவிடக்கூடும் என்பதால், வீட்டார் நேரடியாகக் கொடுத்தாலும் இதழ்க்காரர்கள் ஃபியூனரல் ஹோமைக் கூப்பிட்டு உறுதி செய்த பிறகுதான் போடுவார்கள். அந்த ஒரு போன் கிடைக்காமல் போனால் குறிப்பு ஒரு வாரம் தள்ளிப்போகும்.

ஃபியூனரல் ஹோமில், இறப்புச் சான்றிதழுக்காக வீட்டாரிடம் விவரம் வாங்கும் படிவத்திலிருந்தே ஒரு மாதிரிக் குறிப்பை எழுதிவிடுவார்கள். பிறந்த தேதி, பெற்றோர், படிப்பு, வேலை, மனைவி, பிள்ளைகள் என்று வரிசையாக. அதில் பிழை இருக்காது, ஆனால் ஆள் இருக்கமாட்டார். ‘குறிப்பை நாங்களே எழுதித் தருகிறோம், நாங்கள் பார்க்காமல் எதுவும் போகக்கூடாது’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

செலவு இதழுக்கு இதழ் மாறும். சிலர் பெயர், வயது, ஊர், இறந்த நாள், கூட்ட நேரம் என்ற நாலு வரி அறிவிப்பை இலவசமாகப் போட்டு, முழுக் குறிப்புக்கு மட்டும் காசு வாங்குவார்கள். சிலர் எவ்வளவு நீளமானாலும் ஒரே கட்டணம். சிலர் பத்தி அங்குலக் கணக்கு, படத்துக்குத் தனி. இரண்டு அங்குல அகலப் பத்தியில் ஓர் அங்குல உயரத்துக்கு ஏறக்குறைய 30 முதல் 35 சொற்கள் பிடிக்கும். 400 சொல் குறிப்பு என்றால் பன்னிரண்டு பதின்மூன்று அங்குலம், படம் இரண்டு மூன்று அங்குலம். அங்குலம் 8 டாலர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 120 டாலர் பக்கம் வரும். பெருநகர நாளிதழில் இதே நீளத்துக்குப் பல மடங்கு ஆகும். அங்கேயும் போட வீட்டார் விரும்பினால் அதற்குச் சுருக்கமான தனிப் பிரதி எழுதுங்கள்.

இந்தப் பணம் ஃபியூனரல் ஹோம் பில்லில், உங்களுக்காக அவர்கள் வெளியே கட்டிய தொகைகளின் கீழ் வரும். மத்திய வர்த்தக ஆணையத்தின் 1984ஆம் ஆண்டு விதிப்படி ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதிக் காட்டவேண்டும். இதழ் கேட்டதற்கு மேல் சேவைக் கட்டணம் சேர்த்தால் அதையும் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். ‘இதழ் வாங்கியது எவ்வளவு’ என்று கேட்பதில் தப்பே இல்லை.

இனி படம். இதில் நம்மவர்களுக்கென்று ஒரு விசேஷப் பிரச்சினை உண்டு. செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சும், புள்ளிகள் பரவும், திரையில் பார்த்ததைவிடப் படம் இருண்டு வரும். மாநிறமான முகம், பின்னால் அடர்ந்த நிறத் திரை, கறுப்புக் கோட்டு என்றால் அச்சில் மூக்குக் கண்ணாடியும் பல்லும் மட்டுந்தான் தெரியும். வெளிச்சமான பின்னணியில் ஜன்னலோரமாக எடுத்த படத்தைத் தேர்ந்தெடுங்கள். கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்து, முகத்தின் நடுத்தர நிழல்களைக் கொஞ்சம் கூடுதலாகவே வெளுக்கச் செய்யுங்கள். திரையில் ‘சற்று வெளிறிவிட்டதோ’ என்று தோன்றினால்தான் தாளில் சரியாக வரும். அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 200 புள்ளி போதும். வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கிப்போனது, வேண்டாம். மூலக் கோப்பை மின்னஞ்சலில் இணையுங்கள். குறிப்பின் வாசகத்தை மின்னஞ்சல் உடம்பிலேயே ஒட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பினால் அங்கே யாரோ திரும்பத் தட்டச்சு செய்வார்கள், நம் பெயர்கள் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

கோதுமைக்காடு:

நாள், செலவு எல்லாம் மேலே வந்துவிட்டது. நான் வாசகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் நாளிதழ்களின் ‘கண்ணீர் அஞ்சலி’யை மனதில் வைத்து எழுத ஆரம்பிக்காதீர்கள். அங்கே படமும் துயரமும் முதலில், வாழ்க்கை பிறகு. அமெரிக்கச் சிற்றூர் இதழில் முதல் வாக்கியத்திலேயே முழுப்பெயர், வயது, ஊர், இறந்த நாள், இடம் வந்துவிடவேண்டும். அடுத்துப் பிறப்பும் பெற்றோரும், படிப்பு, திருமணம், அந்த ஊருக்கு எந்த வருடம் வந்தார், என்ன செய்தார். பிறகு, இருக்கும் உறவினர்கள். பிறகு, முன்பே காலமானவர்கள். கடைசியில் கூட்ட விவரம், நன்கொடை எங்கே.

பெயர். ஓட்டுநர் உரிமத்திலும் சமூகப் பாதுகாப்பு அட்டையிலும் எந்தப் பெயரோ அதுவே தலைப்பு. இதழில் கடைசிப் பெயரை வைத்துத்தான் அகர வரிசைப்படுத்துவார்கள், நாளைக்குத் தேடுபவரும் அதை வைத்துத்தான் தேடுவார். இனிஷியலை விரித்து ஒருமுறையாவது எழுதுங்கள். ஊரில் அவரை ‘டாக்டர் இன்னார்’ என்று சுருக்கித்தான் கூப்பிட்டிருப்பார்கள். அந்தச் சுருக்கப் பெயரை மேற்கோள் குறிக்குள் நடுவில் போடுங்கள். அது இல்லாவிட்டால் பாதி ஊருக்கு யார் இறந்தார் என்றே புரியாது.

அடுத்த சிக்கல் பிள்ளைகளின் கடைசிப் பெயர். அப்பாவின் முதல் பெயரே பிள்ளையின் கடைசிப் பெயராக வருவது அங்கே பக்கம் பார்ப்பவருக்குப் பிழையாகப் படும். நல்ல எண்ணத்தில் ‘திருத்தி’ எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயர் வைத்துவிடுவார். அனுப்பும் மின்னஞ்சலின் தலையிலேயே, ‘இந்தக் குடும்பத்தில் தந்தைக்கும் பிள்ளைகளுக்கும் கடைசிப் பெயர் வேறு, தயவுசெய்து மாற்றவேண்டாம்’ என்று எழுதுங்கள்.

உறவினர் வரிசை: மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர். ஒவ்வொருவரும் வசிக்கும் ஊரைப் பெயருக்குப் பின் போடுவது வழக்கம், மருமகன் மருமகள் பெயர் அடைப்புக்குறிக்குள். சித்தப்பா மகனை நாம் தம்பி என்போம், அங்கே ‘சகோதரர்’ என்று எழுதினால் உடன்பிறந்தவர் என்றே பதிவாகும். அவரை கசின் என்று தனி வரியில் போடுங்கள். விட்டுப்போன பெயரால் வரும் மனக்கசப்பு பல வருடம் நிற்கும். ஆகவே அனுப்பும் முன் குடும்பத்தில் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு மூத்தவரிடம் பட்டியலை வாசித்துக் காட்டுங்கள்.

மலருக்குப் பதில் நன்கொடை என்றால், ‘ஃபியூனரல் ஹோம் பராமரிப்பில் அனுப்பலாம்’ என்று எழுதி முகவரி கொடுத்துவிட்டால் காசோலைகள் ஒரே இடத்தில் சேரும். ஊர் நூலகம், தன்னார்வ ஆம்புலன்ஸ், மருத்துவமனை அறக்கட்டளை என்று உள்ளூரிலேயே தேர்ந்தெடுப்பது அங்கே மிகவும் மதிக்கப்படும்.

பாதுகாப்புக்காகப் பிறந்த தேதியை முழுதாகப் போடவேண்டாம், வருடம் போதும். தாயின் கன்னிப்பெயரும் வேண்டாம். வீட்டு முகவரி கூடவே கூடாது. கூட்டம் நடக்கும் மணிநேரத்தில் வீடு காலி என்று ஊருக்கே சொன்ன மாதிரி ஆகும். அந்த நேரத்தில் யாரையாவது வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.

நடுவில் வரும் வாழ்க்கைப் பகுதிதான் குறிப்பின் உயிர். ‘அன்பானவர், பண்பானவர், எல்லோருக்கும் உதவியவர்’ என்று அடுக்கினால் எந்த டாக்டருக்கும் பொருந்தும். இதற்கு நல்ல பாடம் கன்சாஸிலேயே இருக்கிறது. எம்போரியா கெஜட்டின் ஆசிரியர் வில்லியம் ஆலன் வைட், தன் பதினாறு வயது மகள் மேரி இறந்தபோது 1921 மே 17 அன்று தானே எழுதிய குறிப்பு. தொடக்கமே ஒரு திருத்தம். செய்தி நிறுவனம் அவள் குதிரையிலிருந்து விழுந்து இறந்ததாகச் சொல்லியிருந்தது. இல்லை, அவள் விழுபவள் அல்ல, சவாரி செய்துகொண்டே தோழர் ஒருவருக்குக் கையசைத்தபோது மரக்கிளை தலையில் அடித்தது என்கிறார். பிறகு அவள் செய்தவற்றைச் சொல்லிக்கொண்டே போகிறார்: கவுண்டி ஏழையர் இல்லத்து முதியவர்களுக்குக் கிறிஸ்துமஸ் விருந்து, உயர்நிலைப் பள்ளியில் கறுப்பின மாணவிகளுக்கு ஓய்வறை வேண்டும் என்று விடாமல் கேட்டது. செயல்களை வைத்துத்தான் அந்தப் பெண் நம் முன்னால் நிற்கிறாள். உங்கள் டாக்டருக்கும் அப்படி மூன்று விஷயம் தேடுங்கள். பனிப்புயலில் எத்தனை மைல் ஓட்டிப்போய் வைத்தியம் பார்த்தார், கவுண்டிக் கண்காட்சியில் எந்தக் கூடாரத்தில் உட்கார்ந்திருப்பார், தோட்டத்தில் எந்த மிளகாயை வளர்த்து நர்ஸ்களுக்குக் கொடுத்தார் என்கிற மாதிரி. மருத்துவமனை நர்ஸ்களிடம் அரை மணி பேசினால் கிடைத்துவிடும்.

சுவடிதேடி:

ஒரு விஷயத்தில் கோதுமைக்காடு சொன்னதோடு உடன்படமுடியவில்லை. பெற்றோர் பெயரையும் பிறந்த ஊரையும் சுருக்காதீர்கள். நாள், மாதம் வேண்டாம் என்பது சரி. தாயின் கன்னிப்பெயர் பற்றிய பயம், அதையே வங்கிகள் ரகசியக் கேள்வியாகக் கேட்ட காலத்தில் வந்தது. தாய்க்குத் தனிக் குடும்பப் பெயரே இல்லாத நம் வழக்கத்தில் அந்தக் கேள்விக்கு அர்த்தமும் குறைவு. தாய், தந்தை இருவர் பெயரையும், பிறந்த ஊரை மாவட்டத்தோடும் எழுதுங்கள். அறுபது வருடம் கழித்து ஒரு கொள்ளுப்பேத்தி தேடும்போது ‘இந்தியாவில் பிறந்தார்’ என்ற வரி அவளை எங்கேயும் கொண்டுபோகாது.

மகன் கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில். ஃபியூனரல் ஹோம் தளம் ஒரு நிறுவனத்தின் தளம். நிறுவனம் கைமாறினால், தளத்தை நடத்தும் சேவையை மாற்றினால், பழைய பக்கங்கள் காணாமல் போகலாம். அச்சில் வந்த இதழுக்குக் கன்சாஸில் ஒரு பாதுகாப்பு உண்டு. டொபீகாவில் உள்ள மாநில வரலாற்றுச் சங்கத்தை 1875இல் தொடங்கியவர்களே பத்திரிகைக்காரர்கள். மாநிலத்தின் சிற்றூர் இதழ்களைச் சேகரிப்பதை ஆரம்பத்திலிருந்தே முக்கிய வேலையாக வைத்திருக்கிறார்கள், பிற்காலத்தில் அவற்றைப் படச்சுருளிலும் (மைக்ரோஃபிலிம்) ஏற்றிவைத்தார்கள். வார இதழ்களே அருகிவருகின்றன என்பதும் உண்மை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளிக் கணக்குப்படி 2005இல் அமெரிக்காவில் 8,891 செய்தித்தாள்கள் இருந்தன, 2023இல் சுமார் 6,000. அந்த வருடம் 204 கவுண்டிகளில் உள்ளூர்ச் செய்தி நிறுவனம் எதுவுமே இல்லை. ஆனால் இதழ் மூடிய பிறகும் படச்சுருள் மூடாது. உங்கள் ஊரில் இதழ் இன்னும் நடக்கிறது, அதில் பதிவாகட்டும். இணையப் பக்கத்தையும் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒருமுறை சேமித்துவையுங்கள், இரண்டு நிமிட வேலை.

இனி 1890களின் டாக்டர். கன்சாஸ் மாநில அளவில் இறப்புப் பதிவைத் தொடங்கியது 1911 ஜூலை 1 அன்றுதான். அதற்கு முன் இறந்திருந்தால் மாநிலச் சான்றிதழ் இருக்காது, பெரும்பாலும் இதழும் கல்லறைக் கல்லுந்தான் சாட்சி. டாக்டர் என்பதால் உங்களுக்கு ஓர் அனுகூலம். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ஜாமாவில் அந்தக் காலத்தில் இறந்த மருத்துவர்களின் பட்டியல் வரும். ஊர், படித்த கல்லூரி, பட்டம் பெற்ற வருடம், இறந்த நாள், வயது, பல சமயம் காரணமும் ஒரே பத்தியில் இருக்கும். சங்கம் தனக்கென்று மருத்துவர் அட்டைகளும் வைத்திருந்தது. இறந்த நாள் அதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் ஃபைண்ட் எ கிரேவ் தளத்தில் கல்லறைப் படம் இருக்கிறதா பாருங்கள். மாநிலம் விட்டுப் போய் இறந்திருக்கலாம், சிற்றூர் டாக்டர்கள் நிறைய இடம் மாறினார்கள்.

நாள் தெரிந்ததும், அந்தக் கவுண்டியில் அந்த வருடம் என்னென்ன இதழ்கள் வந்தன என்று பட்டியல் எடுங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான ‘லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்’ தளத்தில் 1690 முதலான அமெரிக்க இதழ்களின் அட்டவணை இருக்கிறது. கவுண்டி வாரியாகத் தேடலாம், எந்த நூலகத்தில் எந்த வருடப் பிரதி உண்டு என்றும் காட்டும். அந்தக் காலத்தில் சின்னக் கவுண்டியிலும் ஒரு ரிபப்ளிகன் இதழ், ஒரு டெமாக்ரட் அல்லது பாப்புலிஸ்ட் இதழ் என்று இரண்டு மூன்று இருக்கும். எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு கட்சி இதழில் இரண்டு வரி வந்தவருக்கு இன்னொன்றில் ஒரு பத்தி முழுக்க வந்திருக்கும்.

இலக்கமாக்கப்பட்ட பிரதிகள் நியூஸ்பேப்பர்ஸ்.காம் தளத்தில் ஏராளம். சந்தாத் தளந்தான், ஆனால் கன்சாஸ் இதழ்களுக்கு அந்த மாநிலத்தவர் ஓட்டுநர் உரிமத்தைச் சரிபார்த்து இலவசமாக நுழையும் ஏற்பாட்டை வரலாற்றுச் சங்கம் செய்திருக்கிறது. எந்த வருடம்வரை என்பதைச் சங்கத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர் நூலகத்தில் யாராவது தேடிக் கொடுப்பார்கள்.

தேடும்போது ஏமாறும் இடங்கள் சில. பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருளான எழுத்துணரி பழைய அச்சைத் தப்பாகப் படிக்கும். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றால் எம் என்று எடுத்துக்கொள்ளும், ‘பர்ன்ஸ்’ என்ற பெயர் ‘பம்ஸ்’ ஆகிவிடும். முழுப்பெயரைப் போடாமல் கடைசிப் பெயரோடு ‘டாக்டர்’ என்பதை மட்டும் சேர்த்து, வருடத்தைச் சுருக்கித் தேடுங்கள். பிறகு பெயரே இல்லாமல் கல்லறையின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். மனைவியைத் தேடினால் அவர் சொந்தப் பெயரில் கிடைக்கமாட்டார், ‘மிஸஸ்’ போட்டு கணவர் பெயரில்தான் இருப்பார்.

தேடுபொறியில் வரவில்லை என்றால் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். இறந்த நாளுக்குப் பிந்தைய மூன்று இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டவேண்டும். எல்லாப் பக்கமும் தேவைப்படாது. அக்கால வார இதழ்களில் பலவும் பாதிப் பக்கங்களை வெளியூரில் முன்கூட்டியே அச்சடித்த தாளாக வாங்கின. விஸ்கான்சினின் பாரபூ ஊர் ஆசிரியர் ஏ. என். கெல்லாக், 1861இல் உள்நாட்டுப் போருக்கு ஆட்கள் போய்விட்டதால் கைக்கு ஆளில்லாமல் ஒரு பக்கம் அச்சான தாளை மேடிசனிலிருந்து வரவழைத்தார், அதிலிருந்து பரவிய வழக்கம் அது. தொடர்கதை, ஐரோப்பியச் செய்தி, மருந்து விளம்பரம் எல்லாம் அந்தப் பக்கங்கள், உள்ளூர்ச் சங்கதி ஒன்றும் இருக்காது. எட்டுப் பக்க இதழில் எந்தெந்தப் பக்கம் உள்ளூரில் கோத்தது என்று ஒரே ஓர் இதழைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவற்றில் நேரே அங்கே போகலாம்.

இரங்கல் குறிப்பே வராமல் வேறு வடிவில் வந்திருக்கலாம். சுற்று வட்டாரச் சிற்றூர்களின் நிருபர்கள் எழுதும் துணுக்குப் பத்திகளில் ‘டாக்டரின் அடக்கத்துக்குப் போய்வந்தார்கள்’ என்று ஒரு வரி இருக்கும். குடும்பத்தார் போடும் ‘நன்றி அட்டை’ ஒன்றிரண்டு வாரம் கழித்து வரும். மேசன்கள், ஆட் ஃபெல்லோஸ் போன்ற சங்கங்களில் உறுப்பினராக இருந்தால் சங்கம் நிறைவேற்றிய இரங்கல் தீர்மானம் முழுதாக அச்சாகியிருக்கும், அது ஒரு மாதம் கழித்துக்கூட வரலாம்.

‘சென்ற செவ்வாய் இறந்தார்’ என்று இருந்தால் அவசரப்பட்டுத் தேதி போடாதீர்கள். வியாழன் இதழ் என்றாலும் அந்தப் பத்தியை முந்தைய வாரமே எழுதிக் கோத்து வைத்திருக்கக்கூடும். நிருபர் கடிதத்தின் அடியில் தேதி இருக்கிறதா பாருங்கள், கல்லறைக் கல்லோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள்.

இளவேனில்:

மூவருக்கும் நன்றி. போன் போட்டுக் கேட்டுவிட்டேன், திங்கள் காலை 11 மணிதான் கடைசி. இரண்டு சந்தேகம். சொத்து விஷயமாக ‘இதழில் அறிவிப்பு கொடுக்கவேண்டும்’ என்று வீட்டாரிடம் யாரோ சொன்னார்களாம், இந்தக் குறிப்பே அதற்குப் போதுமா? முகநூலில் இன்று காலையிலிருந்து ‘நினைவுக்கூட்ட நேரலை’ என்று ஒரு இணைப்பு சுற்றுகிறது, நாங்கள் யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

அச்சுக்கோவை:

நேரலை இணைப்பு மோசடி. இரங்கல் குறிப்பு இணையத்தில் ஏறிய சில மணி நேரத்தில் பெயரையும் படத்தையும் எடுத்து இப்படிப் போலிப் பதிவு போடுகிறார்கள். சொடுக்கினால் கடன் அட்டை எண் கேட்கும். முகநூலில் புகார் செய்யுங்கள். ஃபியூனரல் ஹோம் பக்கத்தின் முதல் வரியாக ‘நேரலை எதுவும் இல்லை, யாரும் பணம் கட்டவேண்டாம்’ என்று இன்றே சேர்க்கச் சொல்லுங்கள். விவரங்களைத் தாறுமாறாக மாற்றி எழுதிய போலிக் குறிப்புகளும் வேறு தளங்களில் முளைக்கும். உறவினர்களுக்கு ஃபியூனரல் ஹோமின் சரியான இணைப்பை நீங்களே அனுப்பிவிடுங்கள்.

சொத்து அறிவிப்பு முற்றிலும் வேறு. நீதிமன்றத்தில் உயில் அல்லது வாரிசு நடவடிக்கை தொடங்கினால், இறந்தவருக்குக் கடன் கொடுத்தவர்கள் வந்து சொல்லவேண்டும் என்று சட்ட அறிவிப்பு வரும். கன்சாஸில் வாரம் ஒருமுறை, தொடர்ந்து மூன்று வாரம். முதல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து நான்கு மாதம் கெடு. வாசகத்தை வழக்கறிஞர்தான் தருவார், சட்ட அறிவிப்பு வெளியிடத் தகுதியுள்ள இதழில் வரவேண்டும், கட்டணமும் தனி. உங்கள் ஊர் வார இதழே அந்தத் தகுதியுள்ளதாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் இரங்கல் குறிப்பு அதற்கு ஈடாகாது. நடவடிக்கையே தேவையா என்பதை முதலில் வழக்கறிஞரிடம் கேட்கட்டும்.

மெய்ப்புப் பார்க்கும்போது தலைப்பிலுள்ள பெயரையும் படத்தின் கீழுள்ள பெயரையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள், உடலில் சரியாக இருந்து அங்கே பிழை நிற்பதுதான் வழக்கம். தவறாக வந்துவிட்டால் அடுத்த வாரம் திருத்தம் போடுவார்கள், ஆனால் படச்சுருளில் இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்கும்.

இன்னொன்று மறக்காதீர்கள். கூடுதல் பிரதி எத்தனை வேண்டும் என்று திங்களன்றே சொல்லிப் பணம் கட்டிவிடுங்கள். சந்தாவுக்கு மேல் கொஞ்சந்தான் அடிப்பார்கள், வியாழன் மாலை கேட்டால் இருக்காது. வெளி மாநிலத்துக்குத் தபாலில் போகும் இதழ் ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் தாமதமாகும், அதனால் பிள்ளைகளுக்கு நீங்களே கையில் வாங்கி உறையில் அனுப்புவது நல்லது. வெட்டியெடுத்த குறிப்பை லேமினேட் செய்யவேண்டாம். செய்தித்தாள் காகிதம் தானாகவே அமிலமேறிப் பழுப்பாகும், பிளாஸ்டிக்குள் அடைத்தால் அது நிற்காது, திரும்பப் பிரிக்கவும் முடியாது. அமிலமற்ற தாளில் ஒரு நகல் எடுத்து, முழுப் பக்கத்தையும் இதழின் பெயரும் தேதியும் தெரியும்படி 400 புள்ளியில் ஸ்கேன் செய்து வையுங்கள். வெட்டிய துண்டில் தேதி இருக்காது, பென்சிலால் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.